அடுக்களை வழியாகப் போன பாலம்

அந்தப் பாலத்தில் ஒரு நேரத்தில் ஒரு வண்டிதான் போக முடியும். எதிர்க்கரையில் ஒருவர் ஏறிவிட்டால் இந்தக் கரையில் இருப்பவர் காத்திருக்க வேண்டும். இரண்டு பேரும் ஒரே சமயத்தில் ஏறி நடுவில் மூக்கோடு மூக்கு முட்டி நின்றுவிட்டால், யார் பின்னால் போவது என்று சண்டை வரும். நாகர்கோவிலுக்குத் தெற்கே ஒரு கிராமத்திலிருந்து கல்யாணமாகித் திருவனந்தபுரம் வந்த எனக்கு மலையாளத்தில் முதலில் வாய்த்த பாடம் அந்தச் சண்டைகள்தான். "ஆராடோ ஆத்யம் கேறியது?" என்று ஒருவர் கத்துவார். யார் முதலில் ஏறியது என்று கேட்கிறார் என்பது ஒரு வாரத்திலேயே எனக்கு விளங்கிவிட்டது. மற்றவர் சொல்லும் பதிலும் விளங்கியது. அதை இங்கே எழுத முடியாது.

எங்கள் வீடு பாலத்தின் காலடியில் முதல் வீடு. கரமனை ஆற்றின் நகரத்துக்கு எதிர்ப்பக்கக் கரையில் இருந்தது. என் கணவருக்கு ஆரியசாலையில் மொத்தக் கடை. வற்றல் மிளகாய், மல்லி, புளி. எனக்குக் கிழக்கேகோட்டையில் ஒரு இன்சூரன்ஸ் ஆபீஸில் வேலை. இரண்டு பேரும் தினமும் அந்தப் பாலத்தைக் கடந்துதான் போக வேண்டும். நான் ஸ்கூட்டரில் போவேன். பாலத்தின் தளத்தில் பதித்திருந்த இரும்புத் தகடுகள் சக்கரம் பட்டதும் தடதடவென்று அடிக்கும். புதிதாக வந்த நாட்களில் அந்தச் சத்தத்தில் எனக்குத் தூக்கம் வரவில்லை. பிறகு அந்தச் சத்தம் இல்லாத ஊரில் தூக்கம் வரவில்லை.

இரண்டு பக்கமும் ஆளுயரத்துக்கு மேலே முக்கோணம் முக்கோணமாகப் பின்னிய இரும்புச் சட்டம். நடுவில் ஆற்றுக்குள் கல்தூண்கள். ராஜா காலத்தில் கட்டியது என்பதில் எல்லோருக்கும் ஒரே கருத்து. எந்த ராஜா என்பதில்தான் ஆளுக்கொரு கதை. இரும்பெல்லாம் கப்பலில் வந்து வலியதுறையில் இறங்கி, ஒவ்வொரு துண்டிலும் எண் போட்டு மாட்டுவண்டிகளில் இங்கே வந்ததாம். வந்த பிறகு பார்த்தால் ஒரு துண்டு குறைந்ததாம், அது அடுத்த கப்பலில் வரும்வரை வேலை நின்றதாம். இதற்கெல்லாம் ஆதாரம் கேட்டால் யாரிடமும் இல்லை. நிச்சயமாகத் தெரிந்தது ஒன்றுதான். நுழைவில் தலைக்கு மேலே இருந்த ஒரு இரும்புப் பலகையில் வெளிநாட்டு ஊர் ஒன்றின் பெயர் வார்த்திருந்தது. பாதி எழுத்துகளைத் துரு தின்றுவிட்டதால், அந்த ஊர் எது என்பதிலும் சண்டை போட இடம் இருந்தது.

என் கணவருக்கு அந்தப் பாலத்தைக் கண்டாலே ஆகாது. காரணம் இல்லாமல் இல்லை. கனமான வண்டி போகக்கூடாது என்று இரண்டு முனையிலும் குறுக்குக் கம்பி வைத்துவிட்டார்கள். இந்தக் கரையிலுள்ள சில்லறைக் கடைகளுக்குச் சரக்கு கொண்டு வரும் அவருடைய வேன் கரமனைப் பெரிய பாலம் வழியாகச் சுற்றி வர வேண்டும். அங்கே எப்போதும் நெரிசல். "மியூசியத்துல வைக்கவேண்டிய சாமானை ரோட்டுல வச்சிருக்கானுவ" என்பார்.

ஒரு மழைக்காலத்தில் ஆறு பெருகி வந்தபோது வேரோடு பிடுங்கிய மரம் ஒன்று மிதந்து வந்து பாலத்தில் மோதியது. நான் அப்போது ஆபீஸ் கிளம்பிக்கொண்டிருந்தேன். கோயில் மணியை யாரோ உலக்கையால் அடித்ததுபோல் ஒரு சத்தம். ஓடிப் போய்ப் பார்த்தால், கீழ்ப்பக்கத்து இரும்பு ஒன்று உள்ளே வளைந்திருந்தது. மரம் சிறிது நேரம் சிக்கிக்கொண்டு நின்றுவிட்டு, உருண்டு அந்தப் பக்கம் போய்விட்டது. அன்றைக்கே போலீஸ் வந்து பாலத்தை மூடினார்கள். தண்ணீர் வடிந்த பிறகு வளைந்த இடத்துக்கு அடியில் முட்டுக் கொடுத்து, நடப்பவர்களையும் இருசக்கர வண்டிகளையும் மட்டும் விட்டார்கள்.

அடுத்த மாதம் பாலத்தைப் பரிசோதிக்க இன்ஜினீயர் வந்தார். சின்ன வயதுப் பெண். வடக்கே பாலக்காட்டுப் பக்கம். கோயம்புத்தூரில் படித்தவர் என்பதால் தமிழ் நன்றாக வந்தது. எங்கள் வீட்டுப் பின்புறம் அடுக்களையை ஒட்டி ஆற்றுக்கு இறங்கப் படிகள் இருந்தன. பாலத்தை அடியிலிருந்து பார்க்க வேண்டும், அந்தப் படி வழியாக இறங்கலாமா என்று கேட்டார். எனக்கு அன்று லீவு. நானும் கூட இறங்கினேன்.

அத்தனை வருஷம் அதன் மேல் போய் வந்திருக்கிறேன், அடியில் நின்று ஒருநாளும் அண்ணாந்து பார்த்ததில்லை. அந்தப் பெண் ஒரு சின்னச் சுத்தியலால் ஒவ்வொரு இரும்பையும் தட்டித் தட்டிக் காது கொடுத்துக் கேட்டார். சில இடங்களில் சுரண்டிப் பார்த்தார். சாம்பல் நிறத்துக்கு அடியில் பச்சை, அதற்கு அடியில் மறுபடியும் சாம்பல், எல்லாவற்றுக்கும் அடியில் செங்கல் நிறம். அதையும் சுரண்டியபோது உள்ளே இரும்பு பளிச்சென்று இருந்தது.

"போச்சா?" என்று கேட்டேன்.

"எது போச்சு சேச்சி?"

"பாலம்தான். எல்லாரும் போச்சுன்னுதானே சொல்றாங்க."

அவர் சிரித்தார். "தளம் மோசம்தான். இந்த வளைஞ்ச கம்பி மோசம். கரைப்பக்கம் ரெண்டு மூட்டுல தண்ணி தேங்கித் துரு பிடிச்சிருக்கு. மிச்சம் எல்லாம் நல்லாதான் இருக்கு. இதோட குணமே அதான். மேல இருக்க கம்பி அமுக்கத்தைத் தாங்கும், கீழ இருக்க கம்பி இழுப்பைத் தாங்கும். ஒண்ணு கெட்டா அதை மட்டும் கழட்டி மாத்தலாம். கான்கிரீட்ல அது அவ்வளவு லேசு இல்ல."

"அப்போ ஏன் இடிக்கணும்னு சொல்றாங்க?"

"லாரி போகணும்ல. இதுல லாரி போகாது. என்கிட்ட கேட்ட கேள்வி அதுதான்."

அவர் போன பிறகும் நான் அங்கேயே நின்றிருந்தேன். மேலே யாரோ சைக்கிளில் போனார்கள். ஒரு முனையிலிருந்து மறுமுனை வரைக்கும் அந்தச் சின்னப் பாரம் இரும்புக்கு இரும்பு கைமாறிப் போவது காதில் கேட்டது.

புதுப்பாலம் வரப்போகிறது என்று வாசகசாலையில் கூட்டம் போட்டார்கள். இரு கரையிலிருந்தும் ஆட்கள் வந்திருந்தார்கள். பழைய பாலத்தை எடுத்துவிட்டு அதே இடத்தில் அகலமான கான்கிரீட் பாலம் என்று ஒரு அதிகாரி சொன்னார். எல்லோரும் கை தட்டினார்கள். முன்வரிசையில் என் கணவரும் தட்டினார். நான் பின்னால், எதிர்வீட்டுச் சேச்சியோடு உட்கார்ந்திருந்தேன். மெடிக்கல் காலேஜில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர். இந்த ஊரில் எனக்குக் கிடைத்த முதல் சிநேகம்.

பேச வேண்டும் என்று நான் நினைத்துப் போகவில்லை. யாருக்காவது கேள்வி உண்டா என்று கேட்டபோது எழுந்து நின்றிருந்தேன். என் மலையாளத்தில் இப்போதும் தமிழ்தான் கூடுதல். அதிலேயே கேட்டேன். பழைய பாலம் கெடவில்லை என்று சொல்கிறார்களே, அதைச் செப்பனிட்டு நடப்பவர்களுக்கு விட்டுவிட்டு, லாரி போகப் பக்கத்தில் புதிதாகக் கட்டினால் என்ன?

கூட்டம் திரும்பிப் பார்த்தது. அதிகாரி இன்ஜினீயர் பெண்ணைப் பார்த்தார். அவர் தயங்கித் தயங்கிச் சொன்னார். பக்கத்தில் கட்டலாம்தான். ஆறு போகும் கீழ்ப்பக்கத்தில் கோயில் சாமியை நீராட்டும் ஆறாட்டுக் கடவு இருக்கிறது, அங்கே முடியாது. கட்டினால் ஆறு வரும் மேல்பக்கம்தான் கட்ட வேண்டும். அப்படிக் கட்டினால் இந்தக் கரையில் ஒரு வீட்டின் ஒரு பகுதி போகும்.

எந்த வீடு என்று அவர் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய தேவையும் இல்லை. அந்தப் பக்கம் பாலத்தை ஒட்டி ஒரே வீடுதான் இருந்தது. யாரோ சிரித்தார்கள். சேச்சி என் கையைப் பிடித்து இழுத்து, "இரிக்கு மோளே" என்றார். நான் உட்கார்ந்தேன்.

வீட்டுக்கு வந்தோம். செருப்பைக் கழற்றும்போது என் கணவர் ஆரம்பித்தார்.

"நீ எதுக்குட்டி எந்திச்சுப் பேசின?"

"இருக்கதத்தானே சொன்னேன். பொய்யா சொன்னேன்?"

"ஊர்ல ஒருத்தனுக்கும் இல்லாத கவலை உனக்கு என்னத்துக்கு? அந்த இரும்பு உனக்குச் சோறு போடுகா?"

"நம்ம வீடு போகும்னு எனக்குத் தெரியாதுங்க."

"தெரிஞ்சிருந்தா பேசிருக்க மாட்டேல்லா?"

அன்றைக்கு மட்டுமல்ல, அதற்குப் பிறகு பல நாள் அந்தக் கேள்வியை நானே எனக்குள் கேட்டுப் பார்த்திருக்கிறேன். வேறொருவர் வீடு போகும் என்றால் பேசியிருப்பேனா? அது இன்னும் மோசமான கேள்வி. யாருடைய வீடும் போகாமல் பழையதைக் காப்பாற்றலாம் என்று நான் நம்பியிருந்தேன் போலிருக்கிறது. ஒரு பொருள் அது இருக்கும் இடத்திலேயே இருக்க வேண்டும் என்றால், வேறு ஏதோ ஒன்று விலகிக் கொடுக்க வேண்டியிருக்கிறது. அது நம்முடையதாகவே இருந்ததில் எனக்கு ஒரு வகையில் நிம்மதிகூட இருந்தது. கணவரிடம் இதைச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் இட்லித் தட்டு பறந்திருக்கும்.

மறுநாளிலிருந்து வீட்டில் பேச்சு குறைந்தது. தெருவில் கேலி கூடியது. "பாலம் அம்மா" என்று பெயர் வைத்தார்கள். அதே இடத்தில்தான் கட்ட வேண்டும் என்று என் கணவர் மனு எழுதினார். வீட்டுக் கடன் என் சம்பளத்திலும் வாங்கியது, வீடு இருவர் பெயரிலும் இருந்தது. அதனால் என் கையெழுத்தும் வேண்டும் என்றார்.

"போட மாட்டேன்" என்றேன். "நீங்க தனியாப் போட்டுக் குடுங்க. தடுக்க மாட்டேன்."

அவர் கொடுக்கவும் இல்லை, கிழிக்கவும் இல்லை. அந்த மனு சாமி படத்துக்குப் பின்னால் செருகிக் கிடந்தது.

சில வாரம் கழித்து இன்ஜினீயர் பெண் மறுபடியும் அளவெடுக்க வந்தார். மழை தூறிக்கொண்டிருந்தது. அன்று கடை விடுமுறை. அவர் படியில் இறங்கப் போனபோது என் கணவர் குடையை எடுத்துக்கொண்டு பின்னாலேயே போனார். தனியாகப் பேசி வழிக்குக் கொண்டுவரலாம் என்று போனாரோ என்னவோ. நான் அடுக்களை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டு பேரும் வெகுநேரம் பேசினார்கள். அவர் குடையை அந்தப் பெண்ணுக்குப் பிடித்துக்கொண்டு, தான் நனைந்துகொண்டிருந்தார்.

மேலே வந்து தலையைத் துவட்டும்போது, கேட்காமலே சொன்னார்.

"அதே இடத்துல கட்டினா, வேலை முடியறவரைக்கும் ரெண்டு வருஷம் வழி கிடையாதாம். நடக்கக்கூட விட மாட்டானாம். இந்தக் கரையில இருக்க சின்னக் கடைக்காரனுவ எல்லாம் பைக்ல வந்துதான் நம்மகிட்டச் சரக்கு எடுக்கான். ரெண்டு வருஷம் வழியடைச்சா அவன் வேற எடம் பாத்துருவான். பெறகு திரும்பி வருவானா?"

"பக்கத்துல கட்டினா?"

"பழசுல போயிட்டு வந்துகிட்டு இருக்கலாம்." துண்டை உதறிக் கொடியில் போட்டார். "உன் பாலத்துக்காக இல்ல, கேட்டியா. என் கடைக்காக."

"சரிங்க."

"அந்தச் சிரிப்பு வேண்டாம்."

அடுத்த கூட்டத்தில் அவரே எழுந்து சொன்னார். எங்கள் இடத்தைக் கொடுக்கிறோம், ஆனால் வேலை முடியும்வரை ஒருநாள்கூடப் பழைய பாலத்தை அடைக்கக் கூடாது. பள்ளிக்கூடத்துக்கு அக்கரை போகும் பிள்ளைகளின் தாய்மார் முதலில் கை தட்டினார்கள். என் பேச்சுக்குக் கிடைக்காத கைதட்டல் அது. எனக்குக் கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது.

இடம் எடுப்பதற்கு வருஷக்கணக்கில் ஆனது. கிடைத்த நஷ்டஈடு போதுமா என்பதைப் பற்றி எழுதப்போவதில்லை. போன பகுதி அடுக்களையும், அதை ஒட்டி நெல் வைக்கக் கட்டியிருந்த பத்தாயப்புரையும், பின்புறத்துச் சீமைப்பலா மரமும், ஆற்றுக்கு இறங்கும் படிகளும். அடுக்களைக்கு மேலே மச்சில் என் கணவர் மிளகாய் சாம்பிள் மூட்டைகளை வைப்பது வழக்கம். எல்லாவற்றையும் முன்பே எடுத்துவிட்டோம். ஆனால் ஜேசிபி வந்து மச்சை இடித்தபோது, பலகை இடுக்குகளில் அத்தனை வருஷமாகச் சேர்ந்திருந்த மிளகாய்ப் பொடி சிவப்புப் புகையாகக் கிளம்பியது. ஓட்டுநர் வண்டியை நிறுத்திவிட்டு இறங்கி ஓடினார். அதிகாரிகள் தும்மினார்கள், சேச்சி தும்மினார். நானும் என் கணவரும் கண்ணில் நீர் வடிய நின்றோம். பார்த்தவர்கள் வீடு போகிற துக்கத்தில் அழுகிறார்கள் என்று நினைத்திருப்பார்கள். தும்மல் நின்ற பிறகும் என் கண்ணீர் நிற்கவில்லை. அவர் பார்த்தார். தன் கைக்குட்டையைத் தந்தார். அதிலும் மிளகாய் இருந்தது.

புதுப்பாலம் எழும்பியது. பிறகு பழையதில் வேலை தொடங்கினார்கள். வளைந்த கம்பியைக் கழற்றிப் புதியது போட்டார்கள். பழையவை எல்லாம் இரும்பைக் காய்ச்சி அடித்த ரிவெட்டுகள். இப்போது அதை அடிக்கத் தெரிந்த ஆட்கள் கிடைக்கவில்லை என்று போல்ட் போட்டார்கள். தலை உருண்டையாக இருக்கும் போல்ட்தான் வேண்டும் என்று இன்ஜினீயர் பெண் பிடிவாதம் பிடித்து வரவழைத்தார். வேலை முடிவதற்குள் அவருக்கு வேறு மாவட்டத்துக்கு மாற்றலாகிவிட்டது. அவர் இருந்திருந்தால் நடந்திருக்காது என்று நான் நினைப்பவை இரண்டு. சுத்தம் செய்யக் கழற்றிய அந்த ஊர்ப்பெயர்ப் பலகை திரும்பி வரவில்லை. கேட்டால், பத்திரமாக இருக்கிறது என்றார்கள். எங்கே என்று சொல்லவில்லை. இரண்டாவது, நிறம். சுரண்டியபோது தெரிந்த அந்தச் சாம்பல் நிறத்தையே அடிக்கும்படி நானும் சேச்சியும் சொன்னோம். அவர்கள் வெள்ளி நிறம் அடித்தார்கள். வெயிலில் எவர்சில்வர் பாத்திரக்கடை மாதிரி மின்னியது. "கல்யாணத்துக்கு ஒரு பாலம் வாங்கிக் குடுக்கலாம் போல" என்றார் என் கணவர்.

திறப்பு விழாவில் பேசியவர்கள் எல்லோரும் பாரம்பரியம் என்றார்கள். யாரும் அடுக்களையைப் பற்றிச் சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்று நாங்கள் எதிர்பார்க்கவும் இல்லை. லாரிகள் புதுப்பாலத்தில் போயின. அவற்றோடு என் கணவரின் வேனும் போனது. பழைய பாலத்தில் பிள்ளைகள் நடந்தார்கள், சைக்கிளில் போனார்கள். கல்யாண ஜோடிகள் வந்து போட்டோ எடுத்தார்கள். யார் முதலில் ஏறியது என்று கேட்க இப்போது ஆளில்லை. அந்தச் சண்டையும் பாலத்தின் ஒரு பகுதிதான் என்பது அது போன பிறகுதான் எனக்குப் பட்டது. அதை எந்தச் சாயம் அடித்தும் காப்பாற்ற முடியாது.

காப்பாற்றியாகிவிட்டது, இனி அது பாட்டுக்கு இருக்கும் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். இரண்டு மழைக்காலம் போனது. ஒருநாள் சேச்சியோடு நடந்துகொண்டிருந்தபோது கரைப்பக்கத்து மூட்டு ஒன்றில் பழுப்பு நிறத்தில் நீர் வழிந்த தடம் இருந்தது. விரலால் தொட்டால் வெள்ளி உரிந்து வந்தது. மாற்றலாகிப் போன இன்ஜினீயர் பெண்ணுக்கு போனில் படம் எடுத்து அனுப்பினேன். "பாரம் இல்லாததால பாலத்துக்கு ஒண்ணும் ஆகாது சேச்சி. கவனிப்பு இல்லாட்டிதான் ஆகும். சீக்கிரம் சொல்லுங்க" என்று பதில் வந்தது.

யாரிடம் சொல்வது? சாலை அலுவலகத்தில் கேட்டேன். வண்டி போகாத பாலம் எங்கள் பொறுப்பில் இல்லை என்றார்கள். சுற்றுலா அலுவலகத்துக்கு அனுப்பினார்கள். அங்கே, எங்களுக்கு இன்னும் ஒப்படைக்கவில்லை என்றார்கள். மறுபடி முதல் அலுவலகம். ஆபீஸில் பெர்மிஷன் போட்டு மூன்று நான்கு முறை போய்வந்தேன். ஒருநாள் வெறுத்துப்போய் வீட்டுக்கு வந்து, "இனி துருப்பிடிச்சு விழட்டும்" என்றேன்.

என் கணவர் சட்டையை மாட்டிக்கொண்டார். "வா."

சாலை அலுவலகத்தில் அவர் கூச்சல் போடவில்லை. மேஜைக்கு முன்னால் உட்கார்ந்து, கடையில் சரக்குக்காகக் காத்திருப்பதுபோல் காத்திருந்தார். அதிகாரி தலை நிமிர்ந்தபோது மலையாளத்தில் சொன்னார். "சாரே, ஞங்ஙள் ஒரு வீட்டின்டெ பாதி கொடுத்ததாணு. ஒரு டின் பெயின்டு தராமோ?"

பாதி வீட்டைக் கொடுத்தவர்கள் ஒரு டப்பா பெயின்ட் கேட்கிறார்கள். எந்த வீடு என்று அதிகாரி கேட்டார். இவர் சொன்னார். அதிகாரி எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, இரண்டு தேநீர் கொண்டுவரச் சொன்னார். பிறகு யாருக்கோ போன் செய்தார்.

பெயின்ட் வர மேலும் ஒரு மாதம் ஆனது. இரண்டு பேர் வந்து துருப்பிடித்த மூட்டுப்பகுதியைச் சுரண்டி, செங்கல் நிறத்தில் அடிப்பூச்சு பூசி, மேலே அடித்துவிட்டுப் போனார்கள். வந்தது வெள்ளி நிறம் இல்லை. கையிருப்பில் இருந்த ஏதோ சாம்பல். மற்றதெல்லாம் மின்ன, அந்த ஒரு இடம் மட்டும் ஒட்டுப்போட்ட வேட்டி மாதிரி இருக்கிறது.

அடுத்த மழைக்கு முன்னால் மற்ற மூட்டுகளையும் பார்க்க வேண்டும் என்று ஞாயிற்றுக்கிழமைகளில் போய்வருகிறோம். குனிந்து பார்ப்பது நான். அவருக்கு முட்டி வலி, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்று, எந்த அலுவலகத்துக்கு இந்தத் தடவை போகலாம் என்று யோசனை சொல்கிறார்.